கடினநீருக்குப் பெட்டி மாட்டப் போகிறீர்களா? டி.டி.எஸ். மீட்டரைக் காட்டினால் உஷார்

வீட்டுக்கு வருவது உப்புத் தண்ணீர் என்று தெரிந்தால் போதும், கீசரையும் வாஷிங் மெஷினையும் காப்பாற்றித் தருகிறோம் என்று ஆட்கள் வந்துவிடுகிறார்கள். அப்படி வந்த ஒரு கம்பெனி எங்கள் வீட்டுக் குழாயில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போனது. அந்தப் பெட்டியால் ஒரு பயனும் இல்லை. அதோடு சேர்த்து வாங்கிய புது கீசரின் ஹீட்டர் எரிந்துபோனது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் இன்றுவரை இழுத்தடிக்கிறார்கள். இதே வித்தைகளோடு உங்கள் வீட்டுக்கும் யாராவது வரலாம் என்பதால் நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

விற்க வந்தவர் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் தன் பையிலிருந்து எடுத்த பாட்டில் தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் முக்கி ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எங்கள் தண்ணீர் பழுப்பாகி, மேலே அழுக்கு நுரை கட்டி, அடியில் சகதி இறங்கியது. அவருடைய தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. "இதுதான் உங்க கீசருக்குள்ள போகுது" என்றார். வீட்டில் எல்லோரும் மிரண்டு போனோம்.

அந்தச் சகதி தண்ணீரில் இருந்த அழுக்கே இல்லை. அது கருவியின் இரும்புக் கம்பி கரைந்து உண்டான துரு. தண்ணீரில் ஏதாவது உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரையும், நிறம் மாறும். ஆர்.ஓ.வில் சுத்திகரித்த தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் எதுவும் நடக்காது. உங்கள் வீட்டில் யாராவது இதைச் செய்து காட்டினால், அவர் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அவர் காட்டிய அந்தத் தெளிந்த தண்ணீர், எங்களுக்கு விற்ற பெட்டி வழியாக வந்ததே கிடையாது.

அடுத்து டி.டி.எஸ். மீட்டர். எண் பெரிதாக வந்ததும் "பாத்தீங்களா, எவ்வளவு கடினம்" என்றார். அந்த மீட்டர் அளப்பது மின்கடத்துதிறனை. அதை வைத்து மொத்தமாக எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று ஒரு கணக்குக் காட்டும், அவ்வளவுதான். கடினத்தன்மை என்பதும், கீசருக்குள் கல்லாகப் பிடிக்கும் படிவை உண்டாக்குவதும் கால்சியமும் மெக்னீசியமும். சமையல் உப்பு கரைத்த நீரில் டி.டி.எஸ். எகிறும், கடினத்தன்மையோ கூடாது. கடினத்தன்மையைக் குறைக்கும் உண்மையான கருவியான சாஃப்ட்னர் வைத்தால்கூட டி.டி.எஸ். குறையாது. உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் 40 மில்லிகிராம் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, பதிலாக 46 மில்லிகிராம் சோடியத்தை விடும். ஆக, கடினத்தன்மைக்கு ஆதாரமாக டி.டி.எஸ். மீட்டரைக் காட்டுபவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே ஏமாற்றுகிறார்.

எங்களுக்கு மாட்டியது குழாயைச் சுற்றிக் கட்டும் காந்தப் பெட்டி, மேலே ஒரு பச்சை விளக்கு. "சாஃப்ட்னர் சார், உப்பு போட வேண்டாம், சர்வீஸ் வேண்டாம், கீசர்ல இனி காரையே பிடிக்காது" என்று வாயால் சொன்னார்கள். பில்லில் இருந்தது 'வாட்டர் கண்டிஷனர்' என்று மட்டும். கடினத்தன்மை குறையும் என்று ஒரு வரி எங்கும் கிடையாது. இந்த வகைப் பெட்டி தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுப்பதே இல்லை. உள்ளே போன அளவு அப்படியே வெளியே வரும். காந்தம் படிவின் தன்மையை மாற்றிவிடும் என்கிறார்கள். எங்கள் கீசரில் அது நடக்கவில்லை.

சில மாதங்களில் கீசரைப் போட்டால் உள்ளே படபடவென்று சத்தம், தண்ணீர் சூடாக நேரம் எடுத்தது. அப்புறம் ஒரு நாள் டிரிப் ஆகி நின்றேவிட்டது. மெக்கானிக் கழற்றிக் காட்டிய ஹீட்டர் காயிலில் செம்பு வெளியே தெரியவே இல்லை. சுற்றிலும் வெள்ளைக் கல். நகத்தால் சுரண்டினால் உதிரவில்லை, ஸ்க்ரூ டிரைவரால் தட்டியபோதுதான் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. ஓர் இடத்தில் உறை வெடித்து உள்ளே கருப்பாகத் தெரிந்தது. சூடாகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் பிரிந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். அதிகச் சூடு இருப்பது காயில்மேல்தான், அதனால் அங்கேதான் முதலில் ஒட்டும். அந்தப் படிவு செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் மோசமாக வெப்பத்தைக் கடத்தும். சூடு வெளியேற வழியில்லாமல் காயில் தன் சூட்டிலேயே எரிகிறது.

கம்பெனிக்குப் போன் செய்தால், "பழைய படிவைக் கரைச்சு இறக்குது சார், ஆரம்பத்துல அப்படித்தான்" என்கிறார்கள். புது கீசரில் ஏது பழைய படிவு? அப்புறம் சர்வீஸ் என்று ஒருவர் கழிவறை கழுவும் ஆசிட் பாட்டிலோடு வந்து, அதை கீசர் டேங்கில் ஊற்றிக் கழுவித் தருகிறேன் என்றார். நான் கறாராக மறுத்துவிட்டேன். ஹைட்ரோகுளோரிக் அமிலம் படிவைக் கரைக்கும்தான், கூடவே டேங்கின் உலோகத்தையும் இணைப்புகளையும் அரித்துவிடும். கீசர் விற்றவர்களோ, படிவால் வந்த பழுது வாரண்டியில் சேராது என்று கைவிரித்துவிட்டார்கள். உங்கள் கீசரின் வாரண்டி அட்டையிலும் பொடி எழுத்தில் இது இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

உண்மையைச் சோதிக்க வழி சுலபம். ஹார்ட்னஸ் டெஸ்ட் கிட் என்று சொட்டு மருந்துடன் கிடைக்கிறது. ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, நிறம் காட்டும் மருந்தைச் சேர்த்ததும் ஒயின் சிவப்பாகும். பிறகு இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலமாக மாறும்வரை எண்ண வேண்டும். சொட்டுகள் கூடினால் கடினம் கூடுதல். பெட்டிக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே எண்ணிக்கை. கால்சியம் கார்பனேட் கணக்கில் கடினத்தன்மை லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை இருந்தால் மென்னீர், 120 தாண்டினால் கடினம், 180 தாண்டினால் மிகவும் கடினம். விற்பவர் இந்தக் கணக்கில் பேச வேண்டும். சாஃப்ட்னரைத் தாண்டிய பிறகு எவ்வளவு இருக்கும் என்று பில்லில் எழுதித் தர வேண்டும். எழுதித் தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ரெசின் சாஃப்ட்னருக்கு உப்பு போட்டே ஆக வேண்டும், அவ்வப்போது உப்புக் கரைசலால் கழுவவும் வேண்டும். உப்பே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு சாஃப்ட்னர் என்று விற்றால் நம்பாதீர்கள். பாஸ்பேட் உருண்டை போடும் ஃபில்டர்கள் வாஷிங் மெஷினுக்கு ஓரளவு உதவும், ஆனால் சூடு ஏற ஏற அவற்றின் வேலை குறைந்துவிடும். கீசருக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

வாங்காமலே செய்யக்கூடியவையும் உண்டு. கீசர் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள், சூடு கூடினால் படிவும் வேகமாகச் சேரும். டேங்கை அவ்வப்போது வடித்து, காயிலையும் மெக்னீசியம் தண்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்டு கரைந்து தீர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அது இல்லாவிட்டால் டேங்க்தான் அரிக்கும். வாஷிங் மெஷினில் துணி இல்லாமல் சிட்ரிக் அமிலம் போட்டு வெந்நீரில் ஓட விடலாம். அதோடு பிளீச்சை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். தண்ணீர் உள்ளே வரும் குழாய்முனையில் ஒரு குட்டி வலை இருக்கும், அதையும் கழற்றிக் கழுவுங்கள்.

இந்த மாதிரிப் பெட்டியை ஏற்கெனவே மாட்டியிருந்தால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் முன்னும் பின்னும் டெஸ்ட் செய்து படம் எடுத்துவிடுங்கள். பேசுவதை எல்லாம் எழுத்தில் கேளுங்கள். கழற்றிய காயிலை மெக்கானிக்கிடம் விட்டுவிடாமல் வாங்கி வையுங்கள். என் புகாரோடு நான் சேர்த்திருப்பது அந்தக் காயிலின் படத்தையும், பில்லையும், இரண்டு டெஸ்ட் முடிவுகளையும்தான்.