ஆல்ஃபா வகுப்பு: சுங்கை சிப்புட்டில் நடத்திப் பார்த்ததில் தெரிந்தது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் சபைக்கு ஞாயிறு காலை வருகிறவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துக் காலத்து ஆட்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஈப்போவில் வேலை செய்கிறார்கள், பினாங்கு ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிறார்கள், கிராப் டாக்சி ஓட்டுகிறார்கள். கிறிஸ்மஸுக்கு ஒரு தடவை வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அவர்களையும் அவர்களுடைய இந்து நண்பர்களையும் மனதில் வைத்துத்தான் கிறிஸ்தவ விசுவாசத்தை அறிமுகப்படுத்தும் ஆல்ஃபா வகுப்பை எடுத்தோம். சமையலிலும் இருந்தேன், குழுப் பேச்சிலும் இருந்தேன்.

ஆல்ஃபா 1977ல் லண்டன் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயத்தில், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கான பாடமாகத் தொடங்கியது. 1990ல் பொறுப்பேற்ற நிக்கி கம்பல் அதைச் சபைப் பக்கமே வராதவர்களுக்கு ஏற்றபடி மாற்றினார். முன்பு வக்கீலாக இருந்தவர், மாணவப் பருவத்தில் நாத்திகர். முறை எளிது: முதலில் சாப்பாடு, அப்புறம் வீடியோ, அப்புறம் சிறு குழுவில் பேச்சு. வாரம் ஒரு மாலை, ஏறக்குறைய மூன்று மாதம். பதிவு செய்தால் வீடியோவும் வழிகாட்டியும் இலவசம். காசு சாப்பாட்டுக்குத்தான் போகும்.

இதில் உயிர் இருப்பது கடைசியில் வரும் அந்தக் குழுப் பேச்சில். குழுவை நடத்துகிறவர் பதில் சொல்ல அவசரப்படக்கூடாது, கேட்க வேண்டும் என்பது ஆல்ஃபாவின் விதி. ஒரு தம்பி, "எங்க பாட்டி சாமி கும்பிட்டே போய்ச் சேந்தாங்க. அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டான். எங்கள் மூப்பர் வேதாகமத்தைத் திறக்கக் கையை நீட்டி, நிறுத்திக்கொண்டு, "பாட்டியப் பத்திச் சொல்லுப்பா" என்றார். அவன் ரொம்ப நேரம் பேசினான். விடியுமுன் ரப்பர் மரம் சீவப் போன பாட்டி, அவளுடைய திருநீற்று டப்பா, கடைசியில் ஆஸ்பத்திரி. அடுத்த வாரமும் வந்தான். நம் பிரசங்கம் எதுவும் இதைச் செய்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீடியோ தரமானதுதான், ஆனால் அது வேறு ஊரின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. அறிவியலும் விசுவாசமும் ஒத்துப்போகுமா என்று எங்கள் மேசையில் ஒருவரும் கேட்கவில்லை. "ஞானஸ்நானம் எடுத்தா அப்பாவுக்கு நான் கொள்ளி வைக்கலாமா?" "தங்கச்சிக்கு மாப்பிள்ளை வருமா?" இவைதான் கேள்விகள். வீடியோவில் இதற்கு ஒரு வரியும் கிடையாது. ஆங்கில வீடியோவையே போட்டதால் வேகத்தைப் பிடிக்க முடியாமல் சிலர் போனை எடுத்துவிட்டார்கள். அதனால் பாதியில் நிறுத்தி, இந்து வீட்டிலிருந்து வந்த நம் அக்கா ஒருவரைத் தமிழில் பேச விட்டோம். தன் அம்மாவின் சாவு வீட்டில் தான் எங்கே நின்றேன் என்பதை அவர் சொன்னபோது மேசையில் எல்லாரும் கேட்டார்கள். இளையோருக்கென்று தனியாக இருக்கும் ஆல்ஃபா வீடியோக்கள் குட்டையானவை. இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அதையே போடலாம்.

பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதிக்கு வெளியூரில் வாரக்கடைசி முகாம் வைக்கச் சொல்கிறார்கள். ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு லீவு கிடைக்காது. ஒரே நாளாக வைக்கவும் இடம் கொடுக்கிறார்கள், அதுவே போதும். திருமுழுக்கு, திருவிருந்து பற்றி ஆல்ஃபா அதிகம் பேசாது; அதைப் போதகர் பின்னால் சொல்லித்தர வேண்டும்.

போஸ்டர் ஒட்டவில்லை, ஆளுக்கு ஆள் சொல்லித்தான் அழைத்தோம். முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு சொல்கிறது. அது ஒரு பக்கம் இருக்க, தெரிந்த முகம் கூப்பிட்டால்தான் நம் பிள்ளைகள் வருவார்கள்.

நடத்தப் போகிறவர்களுக்குச் சமையல்கட்டிலிருந்து சில வார்த்தைகள். வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள், பலர் கோயிலுக்குப் போவார்கள், விரதமும் இருப்பார்கள். மாட்டிறைச்சி வேண்டவே வேண்டாம். புரட்டாசி குறுக்கே வந்தால் அந்த வாரங்களில் எல்லாருக்குமே சைவ மீகூன், சாம்பார், பாயசம் என்று போடுங்கள். இரண்டு பானை வைத்து ஆளைப் பிரிக்காதீர்கள். தீபாவளி வாரத்தில் வகுப்பை நிறுத்திவிட்டு, அவர்கள் கூப்பிட்டால் அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.