பொம்மைக்கு அடைக்கிற ஃபைபர் பஞ்சு: ரெண்டு கிலோ தீர்த்த அப்புறம் எழுதறேன்

நானும் எங்க தெருவுல இன்னும் மூணு பேரும் சேர்ந்து பக்கத்துல இருக்கற குழந்தைங்க காப்பகத்துக்கு துணி யானை தைச்சு குடுத்துட்டு இருக்கோம். போன வருஷம் முதல் தடவை இலவம்பஞ்சு தான் அடைச்சோம், தலகாணிக்கு வாங்கினதுல மிச்சம் இருந்துச்சு. குடுத்த அன்னிக்கே ஒரு பாப்பா "அக்கா இதைக் குளிப்பாட்டலாமா"ன்னு கேட்டா, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. ரெண்டு மாசம் கழிச்சு போனா குளிப்பாட்டியே இருக்கா, உள்ள பஞ்சு எல்லாம் கட்டி கட்டியா காலுக்கு இறங்கி, தலை தொங்கி, உள்ள சரியா காயாம ஒரு வாடை வேற. மனசுக்கு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

அதுக்கு அப்புறம் தான் இந்த பாலியஸ்டர் ஃபைபர் வாங்கினேன், கடையில சிலிக்கான் பஞ்சுன்னு கேட்டா குடுப்பாங்க, எங்க ஊர்ல கிலோ 240 ரூபா. பாக்கெட்ல நல்லா அமுக்கி வெச்சிருப்பாங்க, அப்படியே அடைச்சா கல்லு மாதிரி ஆயிடும், கையால பிச்சு பிச்சு உதறி விட்டா தான் பொசு பொசுன்னு வரும். பத்து இஞ்ச் யானைக்கு 90 கிராம் போல புடிக்குது. தும்பிக்கைக்கும் காலுக்கும் முதல்ல சின்ன சின்னதா கிள்ளி பென்சிலோட மொட்டை பக்கத்தால தள்ளுங்க, கழுத்துல இறுக்கமா அடைங்க, இல்லேன்னா தலை நிக்காது.

குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணை எடுத்து தலகாணி உறைக்குள்ள முடிஞ்சு வாஷிங் மெஷின்ல மூணு தடவை போட்டேன். ஷேப் மாறவே இல்ல, காலையில மாடியில போட்டது சாயங்காலத்துக்குள்ள காஞ்சுடுச்சு, பாலியஸ்டர் தண்ணியைக் குடிக்காது அதான்.

குறைன்னா வழவழப்பு. தையல்ல எங்கயாவது ஒரு இடம் விட்டா கூட அது வழியா பிதுங்கி வந்துடும், அதனால கால் இஞ்ச் ஓரம் விட்டு மெஷின்ல ரெண்டு ஓட்டம் ஓட்டிட்டு, அடைச்ச வாயை ரெட்டை நூல்ல கைத்தையல் போட்டு மூடறோம். இன்னொண்ணு, ரெண்டாவது கிலோ வேற ஒரு கடையில 60 ரூபா கம்மின்னு வாங்கினேன், பிரிச்சா சாம்பல் கலர்ல உள்ள நூல் துண்டு, கட்டி, ஒரு பிளாஸ்டிக் துணுக்கு கூட இருந்துச்சு. பாதிக்கு மேல பொறுக்கி எறிஞ்சேன், திருப்பிக் குடுத்தா வாங்கிக்கல. காசு குடுக்கறதுக்கு முன்னாடி பாக்கெட்டைப் பிரிச்சு காட்டச் சொல்லுங்க.

துணி ஈரோடு கனி மார்க்கெட்ல செவ்வாய்க்கிழமை சந்தையில புது காட்டன் கட் பீஸா எடுக்கறோம், வெட்டறதுக்கு முன்னாடி நனைச்சு காய வெச்சா சுருங்கறதும் சாயம் போறதும் அப்பவே தெரிஞ்சுடும். பனியன் வேஸ்ட்டை அடைக்கலாமேன்னு நிறைய பேர் சொல்றாங்க, தயவு செஞ்சு வேணாம், கனமாயிடும், இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தானேன்னு நாம எறியற துணியைத் திணிச்சு குடுக்கறதுல எனக்கு சம்மதமே இல்ல. கண்ணுக்கு பட்டன் வைக்கவே வைக்காதீங்க, மூணு வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்க பிச்சு வாயில போட்டுக்கும், தொண்டையில அடைச்சுக்கும். கறுப்பு நூலால எம்ப்ராய்டரி போட்டாலே கண்ணு அழகா வருது.

நல்ல வெள்ளை ஃபைபருக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். அந்த பாப்பாவோட பழைய யானையை வாங்கிட்டு வந்து பிரிச்சு, துவைச்சு, இதை அடைச்சு திரும்ப அவகிட்டயே குடுத்தேன், புதுசு எடுத்துக்கோன்னா வேணாம்னுட்டா. இன்னும் 40 யானை தைக்க வேண்டியிருக்கு, முதல் கடையிலயே நாலு கிலோ சொல்லிருக்கேன்.