"ஃபேக்ஸ் கார்டு" போடணும்னு யாராவது சொன்னா காசு குடுத்துராதீங்க

மன்னார்குடி, நீடாமங்கலம், கும்பகோணம் பக்கம் ஆபீஸ்ல இன்டர்காம் பாக்ஸ் (உள்ள இருக்கற போன் எல்லாத்தையும் இணைக்கிற பெட்டி) வச்சிருக்கவங்க இதை ஒரு தடவை படிச்சுருங்க. நாங்க ரைஸ் மில். கேரளா பார்ட்டி ஒரு பெரியவர் இன்னும் ஆர்டரை கையெழுத்து, சீலோட ஃபேக்ஸ்லதான் அனுப்புவாரு, வாட்ஸ்அப்னு சொன்னாலே போனை வச்சிருவாரு. ஃபேக்ஸுக்குன்னு தனி லைன் எதுக்கு, இன்டர்காம்லயே சேத்துக்கலாம்னு சர்வீஸ் ஆளை கூப்பிட்டோம்.

வந்தவரு ரிசப்ஷன்ல இருந்த டிஸ்ப்ளே போனை கழட்டிட்டு அந்த சாக்கெட்லயே ஃபேக்ஸை சொருகுனாரு. டயல் டோன் இல்ல. உடனே "மொதலாளி, இடி எறங்கி ஃபேக்ஸ் மெஷின் போர்டு போயிருச்சு"ன்னாரு. ஐப்பசி மாசம், ராத்திரி பூரா இடி மின்னல், யாரு சொன்னாலும் நம்பத்தான் தோணும். மெஷினை தூக்கிட்டு போய் 3,000 ரூபா வாங்கிட்டு திருப்பி கொண்டாந்து அதே சாக்கெட்ல போட்டா அப்பவும் டோன் இல்ல. இப்ப கதை மாறுது, பாக்ஸ் டிஜிட்டலாம், ஃபேக்ஸ் கார்டு தனியா போடணுமாம், 8,500 ஆகுமாம்.

எங்க கணக்குப்பிள்ளை அண்ணன் ஒண்ணும் பேசல. வாட்ச்மேன் ரூம் சாதா போனை கழட்டிட்டு அந்த ஒயர்ல ஃபேக்ஸை போட்டாரு, டோன் கொய்ங்னு வந்துருச்சு.

விஷயம் இவ்ளோதான். எங்க பாக்ஸ்ல டிஸ்ப்ளே போன் போற போர்ட் (ஒயர் சொருகுற எடம்) டிஜிட்டல், உள்ள டிகேபின்னு (DKP) போட்டிருக்கு, அதுல ஃபேக்ஸ் எந்த ஜென்மத்துலயும் ஓடாது. ஃபேக்ஸும் மோடமும் சாதா போன் மாதிரி, எஸ்எல்டி (SLT) அப்படிங்கற சாதா போன் போர்ட்லதான் போடணும். எங்க பாக்ஸ்ல அது நாலு சும்மா கெடந்துச்சு. எஸ்எல்டி எல்லாம் நெறஞ்சிருந்தா மட்டும்தான் இன்னொரு எஸ்எல்டி கார்டு வாங்கணும். ஃபேக்ஸுக்குன்னு தனி கார்டு கேட்டாருல்ல, அது எங்களுக்கு தேவையே இல்ல.

மெஷினை திருப்பி பாத்தா இன்னும் எரிச்சல், ஸ்க்ரூ பள்ளத்துல எங்க மில்லு தவிட்டுத் தூசி அப்பிக் கெட்டிச்சது அப்படியே இருக்கு, ஸ்க்ரூட்ரைவர் அதுல பட்டதே இல்ல. எந்த போர்டை மாத்துனீங்க, பழசைக் குடுங்கன்னா தூக்கிப் போட்டுட்டேங்கறாரு. பில்லுன்னு குடுத்தது வெள்ளைத் துண்டு சீட்டு, கடைப் பேரு கூட இல்ல. இப்ப போனே எடுக்கறதில்ல.

மீதி செட்டிங் நாங்களே பண்ணிக்கிட்டோம். வெளிய அனுப்ப நம்பருக்கு முன்னாடி 0, அப்புறம் ஒரு பாஸ் (pause, சின்ன இடைவெளி). உள்ள வர்றதுதான் தொல்லை, பாக்ஸ் "வணக்கம்"னு பேச ஆரம்பிச்சா அந்தப் பக்கத்து மெஷின் முழிக்கும், அதனால ஒரு லைனை நேரா ஃபேக்ஸ் எக்ஸ்டென்ஷனுக்கே திருப்பி விட்டுட்டோம். அந்த எக்ஸ்டென்ஷன்ல கால் வெயிட்டிங்கை எடுத்துருங்க, நடுவுல பீப் வந்தா பக்கம் பாதியில அறுந்துரும். ஃபைபர் லைனுக்கு மாறுனவங்களுக்கு பக்கம் பாதி பாதியா வந்துச்சுன்னா மெஷின்ல ஸ்பீடை 9600க்கு கொறச்சுப் பாருங்க, அதுக்கும் ஒரு கார்டு இருக்குன்னு எவனாவது வருவான்.