டோனர் பாஸ் வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று ராத்திரி எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் வந்தது. வடசென்னைப் பிள்ளைகளைப் போதையிலிருந்து மீட்க ஒரு இன்னிசை மாலை, டோனர் பாஸ், அதாவது நன்கொடை டிக்கெட், 500, 1000, 2500. கீழே இருந்த போன் நம்பரைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அதே நம்பர், அதே ஆட்கள். டிரஸ்ட் பெயரில் மட்டும் ஒரு வார்த்தை மாறியிருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேலாக மனதில் வைத்திருந்ததை இனியும் சொல்லாமல் இருந்தால் தப்பு.

2023 டிசம்பரில் இவர்கள் பெரம்பூர் பக்கம் ஒரு மண்டபத்தில் நடத்திய நிகழ்ச்சிக்கு நான் போனேன். போனது மட்டுமில்லை, ஆபீஸில் 38 பேருக்கு பாஸ் விற்றுக் கொடுத்தேன், தலைக்கு 500 என்று மொத்தம் 19,000 ரூபாய். அவர்கள் யாருக்கும் அந்த டிரஸ்ட்டைத் தெரியாது, என்னைத் தெரியும், அவ்வளவுதான். நான் வியாசர்பாடியில் வளர்ந்தவள். என்னோடு படித்த பையன்கள் எட்டாவதோடு நின்று காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கப் போனதையும், அதில் இரண்டு பேர் வலி மாத்திரைக்குப் பழகி இருபது வயதைப் பார்க்காமலே போனதையும் கண்ணால் பார்த்தவள். அதனால் “பள்ளி இடைநின்ற பிள்ளைகளுக்கு மாலைப் பயிற்சி மையம், ஃபுட்பால் கோச்சிங்” என்று அவர்கள் சொன்னதும் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

கேட்டிருக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது. 19,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பப் போனபோது திரையில் டிரஸ்ட் பெயர் வரவில்லை, ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. போன் பண்ணிக் கேட்டேன். “டிரஸ்ட் அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிடுச்சு மேடம், இது எங்க டிரஸ்டி நம்பர்தான், தைரியமா போடுங்க” என்றார்கள். போட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

நிகழ்ச்சி ஆறரை மணிக்கு. பையன்கள் 22 பேரைச் சாயங்காலம் நாலு மணிக்கே கூட்டிவந்து மேடைக்குப் பின்னால் இருந்த வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். எட்டே முக்காலுக்கு மேடையேற்றினார்கள். எல்லாருக்கும் ஒரே மஞ்சள் டி-ஷர்ட், மடிப்புக்கூடக் கலையாத புதுசு. தொகுப்பாளர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, எந்த ஏரியா, வீட்டில் என்ன பிரச்சனை என்று மைக்கில் சொல்லத் தொடங்கினார். ஒரு பையனுக்குப் பதினாலு வயதுதான் இருக்கும். அவன் தோளில் கை போட்டு, “இவனோட அப்பா இப்ப புழல்ல இருக்கார்” என்றார். கூட்டம் உச்சுக் கொட்டியது. அவன் டி-ஷர்ட்டின் கீழ் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டே தரையைப் பார்த்து நின்றான். முன் வரிசையில் பத்துப் பதினைந்து போன்கள் அதைப் படம் பிடித்தன. மறுநாள் அவர்களே அதை ஃபேஸ்புக்கில் போட்டார்கள்.

இது வெறும் நாகரிகப் பிரச்சனை இல்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என்று அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவில் சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அன்றைக்கு எனக்கு இது தெரியாது. ஆனால் அந்தப் பையன் நின்ற நிலையைப் பார்த்து எழுந்து கத்தியிருக்கச் சட்டம் தெரிய வேண்டியதில்லை. நான் கத்தவில்லை.

முடிந்து கிளம்பும்போது படிக்கட்டுப் பக்கம் போனேன். பையன்கள் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கோணிப் பையை விரித்துப் பிடிக்க, ஒவ்வொருவனாக அந்த மஞ்சள் டி-ஷர்ட்டைக் கழற்றி அதில் போட்டுவிட்டுப் போனான். அடுத்த நிகழ்ச்சிக்கு வேண்டுமாம்.

அப்புறம் ரசீது. எங்கள் ஆபீஸில் சிலர் நன்கொடைக்குக் கிடைக்கும் 80ஜி வருமான வரிவிலக்கை நம்பி வாங்கியிருந்தார்கள். ரசீதில் 80ஜி எண் என்று ஒன்று அச்சாகியிருந்தது, 2009ஆம் வருடத்து ஆணை எண். ஆடிட்டர் ஒருவரிடம் காட்டினேன். 2021இல் எல்லா டிரஸ்ட்டும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று, பழைய எண் செல்லாது என்றார். ஒழுங்கான அமைப்பு என்றால் நிதியாண்டு முடிந்து மே 31க்குள் படிவம் 10பிஇ என்ற சான்றிதழ் தர வேண்டும், அது இல்லாமல் வெறும் ரசீது உதவாது, ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் விலக்கே கிடையாது என்றும் சொன்னார். 2024 மே முடிந்தது, ஜூன் முடிந்தது, எந்தச் சான்றிதழும் வரவில்லை. வருமான வரித் துறை இணையதளத்தில் தேடினால் அந்த டிரஸ்ட்டின் பெயரே இல்லை.

கணக்குக் கேட்டு நான் பண்ணாத போன் இல்லை. கடைசியில் ஒரே ஒரு ஏ4 தாள் வந்தது. வசூல் 4,12,000. மண்டப வாடகை, ஆர்க்கெஸ்ட்ரா, சவுண்டு, லைட்டு, சால்வை, மாலை, விருந்தினர் ஹோட்டல் அறை என்று கழித்துக்கொண்டே வந்து, அடியில் கல்வி உதவி 27,500. நிகழ்ச்சி நடத்தினால் செலவு ஆகும், அது எனக்கும் தெரியும். யோக்கியமாக நடத்துகிறவர்கள் அந்தச் செலவை ஒரு ஸ்பான்சரிடம் வாங்கிவிட்டு, டிக்கெட் காசு முழுவதும் பிள்ளைகளுக்கு என்று முன்கூட்டியே சொல்வார்கள். இல்லையென்றால் எவ்வளவு செலவுக்குப் போகும் என்றாவது சொல்வார்கள். இவர்கள் எதையும் சொல்லவில்லை.

அந்த 27,500கூடப் போய்ச் சேரவில்லை. பையன்கள் அந்த டிரஸ்ட்டின் பிள்ளைகளே இல்லை. வியாசர்பாடியில் ஒரு அக்கா மொட்டை மாடியில் தகர ஷெட் போட்டு, சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை டியூஷன் எடுக்கிறார், காசு வாங்குவதில்லை. அவரிடம் போய் “பசங்களை ஒரு நாள் அனுப்புங்க, பிரியாணி போட்டு பத்தாயிரம் தர்றோம்” என்று கேட்டிருக்கிறார்கள். கைக்கு வந்தது 3,000 ரூபாயும் ஆறு டஜன் நோட்டும். நோட்டைக் காட்டினார், அத்தனையும் நாலு கோடு நோட்டு. ஒன்பதாவது, பத்தாவது எழுதுகிற பையன்களுக்கு நாலு கோடு நோட்டு. புழல் என்று மேடையில் சொல்லப்பட்ட பையன் அந்த வீடியோ வந்த பிறகு மூன்று வாரம் பள்ளிக்கும் போகவில்லை, டியூஷனுக்கும் வரவில்லை. அவனை வீட்டுக்குப் போய்ப் பேசித் திரும்பக் கூட்டிவந்தது அந்த அக்காதான்.

ஆபீஸில் 38 பேரிடமும் நடந்ததைச் சொல்லி என் கையிலிருந்து பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாதிப் பேர் வாங்கவில்லை, அக்காவிடம் கொடு என்றார்கள். கொடுத்தேன். ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது காப்பி வைத்திருக்கிறேன். தொகை சின்னது என்பதால் நகரவில்லை. வீடியோ பற்றி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தனியாக எழுதிக் கொடுத்தேன், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த வீடியோ மட்டும் ஃபேஸ்புக்கிலிருந்து போய்விட்டது.

இந்த மாதம் உங்கள் குழுவிலும் அந்த போஸ்டர் வந்தால் க்யூஆரை ஸ்கேன் செய்து யார் பெயர் வருகிறது என்று முதலில் பாருங்கள். 2023 நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்து அதே 2009 எண் போட்ட ரசீது உங்களிடம் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். இதுவரை ஏழு பேர் கிடைத்திருக்கிறார்கள், எல்லாருடைய ரசீதையும் சேர்த்து ஒரே புகாராகக் கமிஷனர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோம்.