பாலிமர் கிளே நகைகள்: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு எது நிற்கிறது, எது விட்டுப்போகிறது

செய்த அன்று எல்லாக் கம்மலும் அழகுதான். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், இரண்டு கல்யாண சீசன் தாண்டிய பிறகு அது எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் இந்தப் பொருளின் தரம் தெரியும். புழக்கத்தில் கெட்டுப்போகும் துண்டுகளை எடுத்துப் பார்த்தால் காரணங்கள் மூன்றுக்குள் அடங்கிவிடும்: சரியாக வேகாதது, காதுத் துளையில் நுழையும் பின்பக்கப் போஸ்ட் விட்டுப்போவது, மேல்பூச்சு பிசுபிசுப்பது. டிசைனும் பிராண்டும் இவற்றுக்குப் பிறகுதான் வரும்.

வாங்கும்போதே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. ஆன்லைனில் ‘பாலிமர் கிளே’ என்ற பெயரில் விற்பதில் கணிசமானவை காற்றில் உலரும் கிளே. பஞ்சு மாதிரி லேசாக இருக்கும், ஈரப்பதமாக இருக்கும், 24 மணி நேரத்தில் தானே இறுகும், இறுகும்போது சுருங்கும். குழந்தைகள் பொம்மை செய்ய அது போதும். வியர்வை படும் கம்மலுக்கு ஆகாது. உண்மையான பாலிமர் கிளேயில் மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. பிவிசி பொடி, அதை இளக்கி வைக்கும் பிளாஸ்டிசைசர், நிறமி, நிரப்பி, இவ்வளவுதான். வெளியே வைத்தால் இறுகாது; சூட்டில் பிவிசி துகள்கள் ஒன்றோடொன்று உருகி இணைந்தால்தான் இறுகும். பாக்கெட்டில் எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் என்று அச்சடித்திருக்கும். அது இல்லாத பாக்கெட்டை எடுக்காதீர்கள். டெரகோட்டா நகை செய்து பழகியவர்கள் ஒன்றை மறக்க வேண்டியிருக்கும்: விரலைத் தண்ணீரில் நனைத்து விரிசலை வழிப்பது இங்கே நடக்காது. உள்ளே மாட்டிய ஈரம் ஓவனில் ஆவியாகிக் குமிழியாக எழும்பும்.

நகைக்கு எந்த பிராண்ட்? மெல்லிய கம்மலுக்கு பிரீமோ, ஃபிமோ புரொஃபஷனல், செர்னிட் மூன்றும் நம்பிக்கையானவை. சரியாக வெந்தால் வளைந்து கொடுக்கும். ஸ்கல்ப்பி 3 பிசைய மெத்தென்று இருப்பதால் புதியவர்களுக்குப் பிடித்துவிடும். ஆனால் எவ்வளவு நன்றாக வேகவைத்தாலும் அது மெல்லிய இடத்தில் ஒடியும். பருமனான மணிகளுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், 2 மி.மீ. தகட்டில் வெட்டும் தொங்கட்டானுக்கு வேண்டாம்.

57 கிராம் கட்டியை 2.5 மி.மீ. தடிமனுக்கு உருட்டினால் ஏறக்குறைய 11 செ.மீ. சதுரத் தகடு கிடைக்கும். 4 செ.மீ.க்கு 3 செ.மீ. அளவுள்ள கம்மல் என்றால் வெட்டுத்துண்டு போக நான்கு ஜோடி. ஒவ்வொன்றும் 5 கிராமை ஒட்டி வரும். 8 கிராம் தாண்டினால் மாலைக்குள் காது மடல் வலிக்கத் தொடங்கும் என்பதால் சமையலறைத் தராசு ஒன்று மேசையில் இருப்பது நல்லது. (கிளேக்கென்று எடுத்த தராசு, பாத்திரம், உருளை எதையும் மறுபடி சமையலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.)

நம் ஊர் வெயிலுக்கு ஒரு வார்த்தை. கிளே பற்றிய வெளிநாட்டு வீடியோக்களில் பாதி நேரம் கிளேயை எப்படி இளக்குவது என்றே போகும். சென்னையிலும் மதுரையிலும் ஏப்ரல், மே மாதங்களில் பிரச்சினை தலைகீழ்: கட்டி விரலில் ஒட்டும், கட்டர் வைத்து எடுத்தால் வடிவம் இழுபடும், விரல்ரேகை பதியும். மிகவும் இளகிய கிளேயை இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே ஒரு கனமான புத்தகத்தை ஏற்றினால் தாள் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடும். அரை மணிக்கொரு முறை தொட்டுப் பாருங்கள். தாள் பசையை அதிகம் உறிஞ்சிவிட்டால் கிளே உதிரியாகிவிடும். வெட்டுவதற்கு முன் தகட்டை, அது ஒட்டியிருக்கும் வழவழப்பான டைல்ஸோடு சேர்த்து பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது இன்னும் சுலபம். மூடியிட்ட டப்பாவுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் வெளியே எடுத்ததும் நீர் முத்துக்கும். பழைய, கெட்டியான கட்டிக்கு நேர் எதிர் வைத்தியம்: ஓரிரு சொட்டு மினரல் ஆயில் விட்டுப் பிசைவது. தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

எந்தக் கட்டியாக இருந்தாலும் பிசைந்து பதப்படுத்தாமல் வெட்டக் கூடாது. மடித்தால் விளிம்பில் வெடிப்பு விழாத வரை பிசைய வேண்டும். பாஸ்தா மெஷின் இருந்தால் மடித்த பக்கத்தை முதலில் உள்ளே விடுங்கள். திறந்த பக்கத்தை விட்டால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். மெஷின் இல்லையா? இருபுறமும் ஐஸ் குச்சிகளை வைத்து அக்ரிலிக் உருளையால் உருட்டினால் சீரான தடிமன் வந்துவிடும். சப்பாத்திக் கட்டையின் மர வரி கிளேயில் பதியும். மெல்லிய நூல் வேலைப்பாடுகளுக்கு எக்ஸ்ட்ரூடர் வாங்கலாம். முறுக்கு உழக்கின் குட்டி வடிவம்தான் அது. வெள்ளையிலிருந்து கருப்புக்கு என்ற வரிசையில் வேலை செய்யுங்கள். சிவப்பைத் தொட்ட கையோடு வெள்ளையைத் தொட்டால் அந்த வெள்ளை போனதுதான்.

வெட்டும்போது கிளே டைல்ஸில் நன்றாக ஒட்டியிருக்க வேண்டும். கட்டரை அழுத்தி லேசாக அசைத்து எடுத்துவிட்டு, சுற்றியுள்ள கழிவை உரித்தெடுங்கள், வடிவத்தை நகர்த்தாதீர்கள். அப்படியே டைல்ஸோடு ஓவனுக்குப் போகட்டும். டைல்ஸின் வழவழப்பு பின்பக்கத்தில் பளபளக்கும் திட்டாகப் பதியும் என்பதால், அது பிடிக்காதவர்கள் இடையில் ஒரு தாளை வைப்பார்கள். விரல்ரேகைகளை வேகும் முன்பே ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம். வெந்த பிறகு அதே ரேகையைத் தேய்த்தெடுக்க இருபது நிமிடம் ஆகும்.

இனி ஓவன். இதில் அவசரப்படுபவர்களின் கம்மல்தான் மூன்றாம் மாதத்தில் ஒடிகிறது.

பிரீமோவுக்கு 130 டிகிரி செல்சியஸ், 6 மி.மீ. தடிமனுக்கு 30 நிமிடம். ஃபிமோவுக்கு 110 டிகிரி, 30 நிமிடம். இவை பாக்கெட்டில் உள்ளவை. ஆனால் நம் வீட்டு ஓடிஜியின் (மேசைமேல் வைக்கும் சிறிய மின் ஓவன்) திருகில் 130 என்று வைத்தால் உள்ளே 130 இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 20 டிகிரி மேலோ கீழோ இருப்பது சாதாரணம். அதோடு கம்பி எரிந்து அணைந்து எரிவதால் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம். பாஸ்தா மெஷினுக்கு முன்னால் இதை வாங்குங்கள். கிளே இருக்கும் அதே தட்டில், அதே உயரத்தில் வையுங்கள். காலி ஓவனை 20 நிமிடம் சூடேற்றி, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, திருகை எங்கே வைத்தால் 130 வருகிறதோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

சிறிய ஓடிஜியில் மேல் கம்பி கிளேக்கு மிக அருகில் இருக்கும். காற்றின் சூடு சரியாக இருந்தாலும் கம்பியின் நேரடி வெக்கை வெள்ளையைப் பழுப்பாக்கும். அதனால் துண்டுகளை ஒரு அலுமினியத் தட்டில் வைத்து, அதே அளவு இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, கிளிப் போட்டுவிடுங்கள். வெள்ளை, பேஸ்டல் நிறங்கள் தப்பிக்க இதுதான் வழி. இப்படி மூடியதும் நேரத்தைத் தாராளமாக்குங்கள்: 2.5 முதல் 3 மி.மீ. தடிமனுக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி வரை. சூடு சரியாக இருக்கும்போது கூடுதல் நேரம் கிளேயைக் கெடுப்பதில்லை, உறுதியாகத்தான் ஆக்குகிறது. கெடுப்பது கூடுதல் சூடு. 175 டிகிரியைத் தாண்டினால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். கருகல் நெடி மூக்கை அரித்தால் ஓவனை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம். ஆறட்டும், மறுபடி முழு நேரமும் வையுங்கள். ஒரே துண்டை மூன்று நான்கு முறை வேகவைத்தாலும் ஒன்றும் ஆகாது. குக்கரில் உப்பு பரப்பிக் கேக் செய்வது போல இதையும் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அடி கருகும், மேல் வேகாது, சூடு எவ்வளவு என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. இட்லிப் பானை ஆவி 100 டிகிரிதான், அது போதாது. மைக்ரோவேவ் கூடவே கூடாது.

வெந்ததா என்று அறிய, ஒவ்வொரு தடவையும் 1.5 மி.மீ. தடிமனில் விரல் நீளத்துக்கு ஒரு கழிவுப் பட்டையையும் சேர்த்து வையுங்கள். நன்றாக ஆறிய பின் வளைத்தால் அது வில்லாக வளைந்து திரும்ப வேண்டும். பிஸ்கட் மாதிரி முறிந்தால் அந்த ஈடு மொத்தமும் மறுபடி ஓவனுக்கு. சூடாக இருக்கும்போது கிளே ரப்பர் போலத்தான் இருக்கும். அதைப் பார்த்து ‘வேகவில்லை’ என்று சூட்டை ஏற்றுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. மேற்பரப்பில் தெரியும் பிறைநிலா போன்ற வெள்ளைப் புள்ளிகள் வேறு விஷயம். ஈரமோ காற்றோ உள்ளே மாட்டியதால் வருபவை அவை; ஊடுருவித் தெரியும் வகைக் கிளேயில் அதிகம் வரும். வலுவைக் குறைப்பதில்லை.

போஸ்ட் ஒட்டுவதில் சூப்பர் க்ளூவை நம்பாதீர்கள். ஒட்டிய அன்று இரும்பாகப் பிடிக்கும். ஆனால் அது கண்ணாடி போல இறுகும் பசை; கிளே வளையும்போதெல்லாம் அதற்குள் விரிசல் விழும், சில மாதத்தில் ஒரு நாள் போஸ்டின் அடித்தட்டு மட்டும் கழன்று வரும். நீண்ட நாள் நிற்கும் முறை இது: 304 அல்லது 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போஸ்ட், 6 முதல் 8 மி.மீ. தட்டு. தட்டை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். வெந்த கம்மலின் பின்பக்கத்தையும் அப்படியே கீறிவிட்டு, ஆல்கஹாலால் துடையுங்கள். ஒரு துளி திரவ பாலிமர் கிளே, அதன்மேல் போஸ்ட், தட்டை மூடியபடி 1 மி.மீ.க்கும் குறைவான பச்சை (வேகாத) கிளே வில்லை. விளிம்பை அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி 30 நிமிடம் ஓவனில். இப்போது பிடிப்பது பசை அல்ல, தட்டைப் பூட்டியிருக்கும் கிளே. இரண்டாம் முறை ஓவனில் வைக்க முடியாத துண்டுகளுக்கு, இரண்டு டியூப்பாக வரும் எபாக்சியைச் சம அளவில் கலந்து ஒட்டி 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். மலிவு விலைக் கலப்பு உலோகப் போஸ்டில் நிக்கல் இருக்கலாம். காது சிவந்து நீர் கோத்தால் பழி கிளேக்குத்தான் வரும்.

தொங்கட்டானுக்கான துளையை வெந்த பிறகு 1 முதல் 1.2 மி.மீ. கைத்துரப்பணத்தால் போடுவது சுத்தம். விளிம்பிலிருந்து குறைந்தது 2 மி.மீ. தள்ளி. துண்டுகளை இணைக்கும் சின்ன வளையமான ஜம்ப் ரிங்கை இடுக்கியால் பக்கவாட்டில் திருகித் திறக்க வேண்டும். இழுத்து விரித்தால் வட்டம் திரும்ப வராது, சேலையில் மாட்டும். ஜிமிக்கிக்குள் செருகும் ஐ பின்னின் (ஒரு முனையில் வளையம் உள்ள கம்பி) வாலை நேராக விடாமல் கொக்கியாக வளைத்துப் பதியுங்கள்.

மேல்பூச்சு விஷயத்தில் எங்கள் தீர்ப்பு கொஞ்சம் கறாரானது: தேவைப்படாவிட்டால் பூசாதீர்கள். நீரில் நனைத்த உப்புத்தாளில் 400, 600, 800, 1000 எண் என்று ஏறி, பழைய ஜீன்ஸ் துணியில் தேய்த்தால் வரும் மென்பளபளப்பு எந்த வார்னிஷையும் விட நாள்படும். ஈரத்தில் தேய்த்தால் தூசி மூச்சில் போகாது. மைக்கா பொடி, தங்க நிறத் தாள் ஒட்டியவற்றுக்கு மட்டும் பூச்சு அவசியம். அந்தத் தாள் பெரும்பாலும் பித்தளை, வியர்வை பட்டால் மங்கும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு போதும். நெயில் பாலிஷும் பல ஸ்பிரே வார்னிஷ்களும் கிளேயில் உள்ள பிளாஸ்டிசைசரோடு கலந்து சில வாரம் கழித்துப் பிசுக்கென்று ஆகும், காயவைத்தாலும் சரியாகாது.

புற ஊதா விளக்கில் இறுகும் யூவி ரெசின் கண்ணாடிப் பளபளப்பைத் தரும், வாங்குபவர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது. நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாளுக்கும் நிற்கக்கூடும். கைப்பசை பட்ட இடத்தில் ரெசின் விளிம்பிலிருந்து உரியும். வெள்ளை மேல் போட்ட ரெசின்களில் ஒரு வருடத்துக்குள்ளேயே மஞ்சள் தட்டுபவையும் உண்டு. அடர் நிறத்தில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

நன்றாக வெந்த துண்டு வியர்வைக்கும் மழைக்கும் அசையாது. தலைக்கு வைக்கும் எண்ணெய் அதைக் கரைக்காது, ஆனால் சொரசொரப்பான பரப்பில் தூசியைப் பிடித்துவைக்கும். சோப்பு நுரையும் மென்மையான பிரஷும் போதும். மேட் வெள்ளையில் மஞ்சளும் குங்குமமும் ஏறினால் முழுதாகப் போகாது. சென்ட்டைக் கம்மல் போடும் முன்பே அடித்துவிட வேண்டும். டீட் கலந்த கொசு விரட்டி பிளாஸ்டிக்கை இளக்கும் என்பதால் அதைப் பூசிய கையோடு தொடக் கூடாது. நியான் நிறங்கள் வெயிலில் வெளுக்கும். நெக்லஸ் மணிகள் வருடக்கணக்கில் அப்படியே இருக்கின்றன; அடி வாங்குவது மோதிரமும் வளையலும்தான். பாத்திரம் தேய்க்கும் கைக்கு இந்தப் பொருளில் மோதிரம் செய்வது வீண் வேலை.

மீந்த பச்சைக் கிளேயைத் தாளில் சுற்றினால் காய்ந்துபோகும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பாலிபுரோபைலின் டப்பா பாதுகாப்பானது. 6 என்று போட்ட கண்ணாடி போன்ற கடின டப்பாவைப் பச்சைக் கிளே அரித்து ஒட்டிக்கொள்ளும். மொட்டைமாடி அறையிலோ நிறுத்திவைத்த காரிலோ விட்டால் கட்டி பாதி வெந்து உதிரத் தொடங்கிவிடும். கூரியரில் கட்டி வரும் மாதமாக டிசம்பர், ஜனவரியைத் தேர்ந்தெடுத்து மொத்தமாக வாங்கிவைப்பது நல்லது. வெட்டுத்துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து வையுங்கள்; எல்லாவற்றையும் கலந்தால் வருவது சேற்றுப் பழுப்பு. அதையும் எறிய வேண்டாம், பெரிய மணிகளின் உள்ளீடாக வைத்து மேலே நல்ல நிறத்தில் 1 மி.மீ. தகடு போர்த்தலாம்.