தில்லைநகரில் எட்டு சிட்டிங்

மூன்றரை வார லீவில் ஊருக்குப் போகும்போது எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். பல் டாக்டர், புதுக் கண்ணாடி, பேங்கில் கேஒய்சி. இந்தத் தடவை என் பட்டியலில் முதலிடம் முகத்துக்கு. இரண்டாவது பிரசவத்தின்போது கன்னத்திலும் மேலுதட்டுக்கு மேலும் விழுந்த மங்கு, அந்தக் கருந்திட்டு, ஒன்பது வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறது. பிரிட்டனில் எங்கள் ஏரியா டாக்டர் சன்ஸ்கிரீன் போடச் சொல்லி அனுப்பிவிட்டார். தனியாரில் லேசருக்குச் சொன்ன தொகைக்குத் திருச்சிக்கு ஒரு டிக்கெட்டே எடுத்துவிடலாம். தையில் அண்ணன் மகள் கல்யாணம் வேறு. சரி, ஊரிலேயே முடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

போய் இறங்கிய அன்றே அம்மா ஜாதிக்காயை உரசத் தொடங்கிவிட்டார். மங்கு சனி பிடித்தவர்களுக்குத்தான் மங்கு விழும் என்பது அவர் கட்சி. அண்ணி கட்சி வேறு. "போன வருஷம் எனக்கு லேசர் எட்டு சிட்டிங் எடுத்தாங்க. நிச்சயதார்த்த போட்டோவுல என் முகத்தைப் பாரு" என்று போனை நீட்டினார். உண்மையிலேயே பளிச்சென்றுதான் இருந்தது. போனிலிருந்து கண்ணை எடுத்து அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் பழைய மங்கு அதே இடத்தில் இருந்தது. "அது கத்திரி வெயில்ல கொஞ்சம் திரும்பி வந்துருச்சு. பேக்கேஜைப் புதுப்பிக்கணும்" என்றார்.

திருச்சி தில்லைநகரில் அண்ணி போன கிளினிக்குக்கே போனேன். பெயர் வேண்டாம். நல்ல ஏசி, நல்ல காபி. டாக்டருக்கு முன்னால் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்தார், வருபவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலராம். முகத்தை ஒரு பெட்டிக்குள் வைத்துப் படம் எடுத்து, வெவ்வேறு வெளிச்சத்தில் என் கன்னத்தைக் காட்டினார். அந்தப் படங்களில் யாருக்கும் பயம் வந்துவிடும். ஒரு சிட்டிங் 4,500 ரூபாய். எட்டும் சேர்த்து எடுத்தால் 28,000. அன்றைக்கே கட்டினால் ஒரு ஃபேஷியல் இலவசம். என்ன லேசர் என்று கேட்டேன். கியூ-ஸ்விட்ச்டு என்டி யாக் என்ற வகை, அதன் ஒளியின் அலைநீளம் 1064 நானோமீட்டர். குறைந்த சக்தியில் திரும்பத் திரும்ப அடிப்பதை லேசர் டோனிங் என்கிறார்கள். நம் நிறத் தோலுக்கு மற்ற பல லேசர்களைவிட இது பாதுகாப்பானது என்று அவர் சொன்னது சரிதான். அந்த அலைநீளத்தை மேல்தோல் கருமை அவ்வளவாக உறிஞ்சாது.

எவ்வளவு நாள் நிற்கும் என்று கேட்டபோதுதான் பேச்சு வழுக்கியது. "அது உங்க ஸ்கின்னைப் பொறுத்தது மேடம்." வாரம் ஒரு சிட்டிங் என்றால் எட்டு வாரம் ஆகுமே, எனக்கு மூன்று வாரம்தானே இருக்கிறது என்றேன். "வாரத்துக்கு ரெண்டு வச்சுக்கலாம் மேடம், என்ஆர்ஐ எல்லாம் அப்படித்தான் பண்றாங்க." நான் மருந்தாளுநர். மருந்தின் அளவை நோயாளியின் விமான டிக்கெட்டுக்குத் தக்கபடி வைப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

ஊர் நேரம் உடம்புக்குப் பழகாமல் ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக் கிடப்பவளுக்கு ஆய்வுக் கட்டுரை நல்ல துணை. 2010இல் தாய்லாந்து டாக்டர்கள் செய்த ஒரு ஆய்வு கிடைத்தது. மங்கு உள்ள 22 பேர். முகத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கமும் நிறமியைக் குறைக்கும் 2 சதவீத ஹைட்ரோகுயினோன் கிரீம். ஒரு பக்கம் மட்டும் கூடவே இதே 1064 லேசர், வாரம் ஒரு தடவையாக ஐந்து தடவை. மங்கின் பரப்பையும் கருமையையும் சேர்த்துக் கணக்கிடும் மதிப்பெண் ஒன்று உண்டு. அது லேசர் பக்கத்தில் சுமார் 76 சதவீதம் குறைந்தது, கிரீம் மட்டும் போட்ட பக்கத்தில் 24. இந்த இடத்தோடு நிறுத்தினால் நானே மறுநாள் போய் 28,000 கட்டியிருப்பேன். கிளினிக் சுவரில் மாட்டியிருக்கும் படங்களும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. பிறகு தொடர்ந்து கவனித்ததில் 22 பேருக்குமே மங்கு திரும்பி வந்தது. நான்கு பேருக்கு முன்பைவிடக் கருத்தது. மூன்று பேருக்கு சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. அண்ணியின் நிச்சயதார்த்தப் போட்டோவையும் கத்திரி வெயிலையும் யாரோ அட்டவணை போட்டு எழுதிவைத்த மாதிரி இருந்தது.

ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாதுதான். மங்குக்கான சிகிச்சைகளைப் பற்றி அதே 2010இல் வந்த காக்ரேன் தொகுப்பையும் பார்த்தேன், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் அறிக்கை அது. 20 ஆய்வுகள், 2,125 பேர், 23 விதமான சிகிச்சை. ஆய்வுகளின் தரம் பொதுவாக மோசம் என்றுதான் அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிந்தவற்றில் ஒன்று, ஹைட்ரோகுயினோன், வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினாயின், லேசான ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கிரீம் வெறும் ஹைட்ரோகுயினோனைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது. 1975இல் க்ளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் போட்ட கலவையின் வாரிசுதான் அது. அரை நூற்றாண்டுப் பழைய சரக்கு.

அப்புறம் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு வயதான தோல் டாக்டரிடம் போனேன். டோக்கன் 37, பெஞ்சில் இரண்டு மணி நேரம், ஃபீஸ் 400 ரூபாய். காபி கிடையாது. அறையை இருட்டாக்கி ஊட்ஸ் விளக்கு என்ற புறஊதா விளக்கில் கன்னத்தைப் பார்த்தார். கொஞ்சம் மேலே, கொஞ்சம் ஆழத்தில், கலப்பு மங்கு என்றார். லேசரைப் பற்றிக் கேட்டேன்.

"கிணத்துல தண்ணி இறைக்கிற மாதிரிம்மா. இறைச்சா குறையும். ஊத்து அப்படியே இருக்கே?" என்றார். லேசர் உடைப்பது அங்கே சேர்ந்திருக்கும் நிறமியை. அதைச் சுரக்கும் செல்களை வெயிலும் ஹார்மோனும் உசுப்பிக்கொண்டே இருக்கும். லேசரின் சூடே அந்த செல்களைக் கிளறிவிடலாம். நம் தோலுக்கு லேசாகச் சூடு பட்டாலே கருக்கும் சுபாவம். "கிரீம் கேக்காதவங்களுக்கு, கூட ஒரு கைத்துணையா லேசர் வைப்பேன். முதல் வேலையா வைக்க மாட்டேன். மூணு வாரத்துல ஊருக்குப் போறவங்களுக்கு வைக்கவே மாட்டேன். கருத்துப்போனா அங்க யாரு பாப்பாங்க?"

லேசரே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. என் சித்தி பேத்திக்குப் பிறந்ததிலிருந்து கண்ணைச் சுற்றி நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். 1939இல் அதை விவரித்த ஜப்பானிய டாக்டர் பெயரால் ஓட்டா மச்சம் என்கிறார்கள். அவளுக்கு அதே வகை லேசரில், சில மாத இடைவெளி விட்டு ஆறு சிட்டிங். கல்யாணத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்தேன், தேடினால்தான் தெரிகிறது. அங்கே நிறமிச் செல்களே தோலின் ஆழத்தில் தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை உடைத்துவிட்டால் பெரும்பாலும் திரும்பாது. அவள் முகத்தில் நடந்ததை என் முகத்துக்கு யாராவது வாக்குக் கொடுத்தால் அதுதான் வம்பு.

டாக்டர் மாத்திரை பற்றியும் சொன்னார். மாதவிடாய் உதிரப்போக்குக்குக் கொடுக்கும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட், 250 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. மங்கு குறைவதற்கு அதற்கும் ஆய்வுகள் உண்டு. ஆனால் ரத்தம் உறைவதோடு சம்பந்தப்பட்ட மருந்து. வீட்டில் யாருக்காவது காலில் ரத்தக்கட்டு வந்ததுண்டா என்று கேட்டார். அப்பாவுக்கு வந்திருக்கிறது. "அப்புறம் பத்து மணி நேரம் பிளேன்ல உக்காரப் போறீங்க. இப்ப வேண்டாம்" என்று மறுத்துவிட்டார். தில்லைநகரில் இந்தக் கேள்விகளை யாரும் கேட்கவில்லை.

கடைசியில் சீட்டில் எழுதியது அந்த மூன்று சேர்ந்த கிரீம், எட்டு வாரம் மட்டும், இரவில் மட்டும். கூடவே இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன். மங்குக்குப் புறஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் எதிரி. வெள்ளையாக இருக்கும் சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. மெக்சிகோவில் 2014இல் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஹைட்ரோகுயினோன்தான், ஆனால் இரும்பு ஆக்சைடு சேர்ந்த சன்ஸ்கிரீன் போட்டவர்களுக்கு மங்கு இன்னும் நன்றாகக் குறைந்தது.

கிரீம் வாங்கப் போன இடத்தில் ஒரு தமாஷ். மெடிக்கல் ஷாப் பையனிடம் நான் சீட்டை நீட்டுவதற்குள் பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண் அதே மாதிரி ஸ்டீராய்டு கலந்த ஒரு கிரீம் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டாள், சீட்டே இல்லாமல். ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு இறுக்கியது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைத்து, நிறுத்தினால் எரியும். எனக்கு எட்டு வாரம் என்று கறாராக எழுதியதற்கு அதுதான் காரணம். பிரிட்டனில் சீட்டில்லாமல் ஹைட்ரோகுயினோன்கூடக் கிடைக்காது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பஸ் ஏறிவிட்டாள்.

மொத்தச் செலவு, ஆட்டோவையும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்பில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். குடை பிடித்ததற்கு நாத்தனார் கேலி செய்தார், போகட்டும். இப்போது ஆறாவது வாரம். மேலுதட்டில் நன்றாகவே குறைந்திருக்கிறது. கன்னத்தில் ஓரத்திலிருந்து மெதுவாகக் கரைகிறது.

நேற்று அண்ணி கூப்பிட்டார். பேக்கேஜ் புதுப்பித்தால் இரண்டு சிட்டிங் இலவசமாம். அந்த 22 பேர் கதையை ஊரிலேயே சொல்லியிருந்தேன், மறுபடி சொன்னேன். "அந்த எல்லாருக்குமா திரும்பி வந்துச்சு?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். இன்று காலை வாட்ஸ்அப்பில் படம் வந்தது. முகத்தின் படம் அல்ல, வெள்ளைச் சுடிதார் கழுத்தில் ஒட்டிய பழுப்புக் கறையின் படம்.