நாகையா, தரங்கம்பாடியா, காரைக்காலா: சுற்றுலாக் கப்பல் எங்கே நிற்கலாம்?

ஆயிரம் பேரோடு வரும் கப்பல் கரையை அணைத்துக் கட்டி நிற்க, காவிரிப் படுகைக் கடற்கரையில் இருக்கும் ஒரே இடம் காரைக்கால் துறைமுகம். வருகிறவர்கள் பார்க்க விரும்புவதோ நாகப்பட்டினத்தையும் தரங்கம்பாடியையும். இறங்கும் இடமும் பார்க்கும் இடமும் வேறுவேறு என்பதை முதலிலேயே கணக்கில் எடுக்காத பயணத்திட்டம் கரையேறும் முன்பே சிக்கிக்கொள்ளும்.

நாகையின் பெயருக்கு ஈடில்லை. ராஜராஜன் காலத்தில் சுமத்திராவை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம், அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடையாகத் தந்த செப்பேடு, 1658 முதல் டச்சுக்காரர், 1781இல் ஆங்கிலேயர் என்று நீளும் வரலாறு. ஆனால் விகாரத்தில் எஞ்சியிருந்த கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டுவிட்டது. இங்கே கிடைத்த புத்தர் செப்புத்திருமேனிகளைக் காண எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். கரையில் காட்ட மிஞ்சுவது வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி. இரண்டுமே உயிரோட்டமுள்ள இடங்கள், பக்கத்திலேயே இருப்பவை.

நாகையின் சிக்கல் கடுவையாற்று முகத்துவாரம். துறை ஆற்றுக்குள் இருக்கிறது. வாயிலில் மணல் மேடிடும். பினாங்கு, சிங்கப்பூர் போன ரஜூலா என்ற பயணிகள் கப்பலின் காலத்திலேயே கப்பல் வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கும், பயணிகள் படகில்தான் போய் ஏறுவார்கள். 2023 அக்டோபர் 14 அன்று இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியதும் தூர்வாரிய பிறகுதான். இதில் நம் படுகைக்கே உரிய ஒரு முரண் உண்டு. கடல் அமைதியாகும் மாதங்கள் பிப்ரவரி, மார்ச். மேட்டூர் அணை வழக்கமாக மூடப்படுவது ஜனவரி 28. மணலைக் கடலுக்குத் தள்ள ஆற்றில் நீர்வேகம் இல்லாத நேரத்தில்தான் சுற்றுலாப் பருவம் பிறக்கிறது. ஆகவே போன வருட ஆழ அளவை நம்பக் கூடாது. கப்பல் வருவதற்குச் சில வாரம் முன்பு எடுத்த அளவைக் கேட்டு வாங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் ஆற்றுக்குள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், பயணிகள் படகு திரும்பவே இடம் நெருக்கும்.

தரங்கம்பாடி நேர்மாறு. அங்கே எல்லாமே நடை தூரம். 1792இல் கட்டிய நகர வாயில், 1701இன் சீயோன் ஆலயம், மதபோதகர் சீகன்பால்கு கட்டிய 1718இன் புதிய எருசலேம் ஆலயம், ஆளுநர் மாளிகை, ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டென்மார்க் நாட்டு டேனியர் 1620இல் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை, கடல் பாதியைத் தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில். சுமார் ஒரு கிலோமீட்டர்; நின்று நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம். பேருந்தே வேண்டாம். கோட்டை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கக்கூடும் என்பதால் வருகை நாளை அதற்கேற்ப வைப்பது நல்லது. ஞாயிறு காலை ஆலயங்களில் ஆராதனை நடக்கும், கூட்டமாக உள்ளே போவது முறையல்ல.

ஆனால் கடற்கரை திறந்தவெளி. அலை உடையும் இடத்தில் ரப்பர் படகை ஏற்றுவது முதியவர்களுக்கு ஆபத்து. கோயில் பக்கம் கொட்டியிருக்கும் கருங்கற்களின் அருகே படகு போகவே கூடாது. ஊரை ஒட்டிய மீன்பிடித் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து இறக்குவதே சரி, அதுவும் மீனவப் பஞ்சாயத்தோடு முன்கூட்டிப் பேசி, விடியலில் மீன் இறங்கும் நேரத்தைத் தவிர்த்து. நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று வலுக்கும், ஆகவே திரும்பும் கடைசிப் படகு அதற்கு முன் கிளம்ப வேண்டும். இந்த ஒரு நிபந்தனைதான் கூட்டத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. 80 பேர் ஏறும் படகு இரண்டு. ஏற, போக, இறக்க, திரும்ப ஒரு சுற்றுக்கு 50 நிமிடம் என்றால், 500 பேரை இறக்க மட்டுமே மூன்று மணி நேரம். முதலில் இறங்கியவர் திரும்ப வேண்டிய நேரத்தில் கடைசி ஆள் இன்னும் கப்பலில் இருப்பார். 150 பேர் வரும் சிறு கப்பலுக்குத் தரங்கம்பாடியை விடப் பொருத்தமான இடம் இந்தக் கரையில் இல்லை. பெரிய கப்பலுக்கு வேண்டவே வேண்டாம்.

காரைக்கால் துறைமுகம் நாகூருக்குச் சற்று வடக்கே, கீழவாஞ்சூரில். நடுத்தரச் சுற்றுலாக் கப்பல் 7 மீட்டர் அளவுக்கு நீரில் அமிழும். அடியில் விட வேண்டிய இடைவெளியையும் சேர்த்தால் 8 மீட்டர் தேவை. நிலக்கரிக் கப்பல்களுக்காகத் தோண்டிய துறைக்கு அது பெரிதல்ல. அலை எப்படியிருந்தாலும் ஏணி வழியே இறங்கலாம், சக்கர நாற்காலியும் வரும். குறை என்னவென்றால் இது முழுக்கச் சரக்குத் துறைமுகம். நிலக்கரித் தூசி பறக்கும், எனவே தூசி வந்து படாதபடி காற்று வரும் பக்கமுள்ள பெர்த்தை, அதாவது கப்பல் கட்டும் இடத்தை, கேட்க வேண்டும். உள்ளே நடக்க விடமாட்டார்கள், பேருந்து ஏணியடிக்கே வர வேண்டும். சரக்குக் கப்பல் காத்திருந்தால் பெர்த் கைமாறிவிடும், ஆகவே உறுதியை எழுத்தில் வாங்குவது அவசியம். 500 பேருக்கு 35 பேர் வீதம் 15 பேருந்து. துறைமுகம் இருப்பது புதுச்சேரி எல்லையில், போவது தமிழ்நாட்டுக்கு. அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இல்லாத வண்டி எல்லையிலேயே நிற்கும்.

இங்கிருந்து தஞ்சைப் பெரிய கோயிலை ஒரே நாளில் விற்பது பெரும் தவறு. காலை 7 மணிக்குக் கப்பல் கட்டினாலும் 8.30க்குத்தான் வண்டி நகரும். தஞ்சை சேர 11.30 ஆகும், ஒரு மணி நேரத்தில் நடை சாத்திவிடுவார்கள். தாராசுரம் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும், சிற்பங்களை நிதானமாகப் பார்க்கலாம். நடக்க முடியாதவர்களுக்கு நாகூர், அடுத்து தரங்கம்பாடி.

பூம்புகாரை நிறுத்தமாகப் போட வேண்டாம். கப்பல் நிற்க வசதி ஏதுமில்லை. அங்கே கீழையூரில் அகழ்ந்த செங்கல் படகுத்துறையைத் தரங்கம்பாடியிலிருந்து சாலை வழியே போய்ப் பார்த்துவரலாம்.

எந்தத் துறையானாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி கொடுக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். ஜனவரியிலும் வாடைக்காற்று படகை ஆட்டும். காரைக்காலுக்கு ஜனவரி கடைசி வாரம் முதல் தேதி கேட்கலாம். தரங்கம்பாடியில் படகில் இறக்குவதாக இருந்தால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை, மாற்றுநாள் ஒன்றையும் சேர்த்து.